மலைக்கும் ஒரு குதிர் உண்டு

கூமாப்பட்டி என்ற பெயரை 2025ஆம் வருஷத்துக்கு முன்னால் கேள்விப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அந்த வருஷம் கோடை முடிகிற சமயத்தில் இன்ஸ்டாகிராமில் பரவிய சில படங்கள் அந்த ஊரைத் தமிழ்நாடெங்கும் பிரசித்தமாக்கிவிட்டன. பின்னால் நீல மலை, முன்னால் பச்சை வயல், நடுவே ததும்பும் தண்ணீர். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கூட்டங் கூட்டமாக ஜனங்கள் புறப்பட்டார்கள்.

படத்திலுள்ள தண்ணீர் பன்னிரண்டு மாதமும் ததும்பிக்கொண்டேயிருக்கும். ஊரிலுள்ள தண்ணீர் அப்படியல்ல. கூமாப்பட்டிக்கு மேற்கே பிளவக்கல்லில் பெரியாறு அணை, கோவிலாறு அணை என்று இரண்டு அணைகள் இருக்கின்றன. முன்னதன் உயரம் சுமார் 47 அடி. பின்னதன் உயரம் சுமார் 42 அடி. பெயரைப் பார்த்து, இது முல்லைப் பெரியாறோ என்று யாரும் மயங்க வேண்டாம். அது மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் பெரிய நதி. இது இந்தப் பக்கத்துச் சிற்றாறு. இங்கே அணைகள் நிரம்புவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான். அந்த ஜலம் கண்மாய் கண்மாயாக இறங்கி, வயல்களை நனைத்து, மிச்சம் இருந்தால் அர்ச்சுனா நதியாகி, வைப்பாற்றில் கலந்து, மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகும்.

மழை பெய்வது இரண்டு மூன்று மாதம். தண்ணீர் வேண்டியிருப்பதோ பன்னிரண்டு மாதம். நடுவிலுள்ள ஒன்பது மாதத்துக்குத் தண்ணீரை யார் சேமித்து வைக்கிறார்கள்? அணைதான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அணை கட்டுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த ஆறுகள் இருந்தன. அவற்றை நம்பி ஊர்களும் இருந்தன. உண்மையான சேமிப்பு அணைக்கு மேலே, மலையில் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

பனி என்னும் குதிர்

நம் பாட்டிமார் காலத்து வீடுகளில் மண்ணால் செய்த குதிர் இருக்கும். தை அறுவடையில் நெல்லை மேல்வாய் வழியாகக் கொட்டுவார்கள். அடியில் ஒரு சிறு துவாரம். அதை அடைப்பு வைத்து மூடியிருப்பார்கள். வேண்டியபோது அடைப்பை எடுத்து, வேண்டிய அளவு நெல்லை வாங்கிக்கொள்வார்கள். தையில் கொட்டிய நெல் ஆடி வரைக்கும் குடும்பத்தைக் காப்பாற்றும். கொட்டுவது ஒரு நாள். எடுப்பது பல நாள். குதிரின் ரகசியம் அவ்வளவுதான்.

ஹிமாலயத்துக்குக் குதிர் பனி. மார்கழி முதல் மாசி வரையில் மேற்கேயிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் காஷ்மீரத்து மலைகளில் பனியைக் கொட்டுகின்றன. புதிதாய் விழுந்த பனி 10 அங்குலம் உருகினால் ஏறக்குறைய 1 அங்குலத் தண்ணீர் கிடைக்கும். அதன்மேல் மேலும் மேலும் பனி விழுந்து இறுகிக் கெட்டிப்படுகிறது. சித்திரை வெயில் பட்டதும் அது மெல்ல உருகத் தொடங்கி, ஆனி வரைக்கும் ஆறுகளுக்குத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுக்கிறது. சிந்து நதியில் ஓடும் தண்ணீரில் சுமார் 40 சதவிகிதமும், கங்கையில் சுமார் 10 சதவிகிதமும் இப்படிப் பனி உருகி வருவதே என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

குதிரில் நெல் குறைந்தால் ஆடிமாதத்தில் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காட்மாண்டு நகரிலுள்ள மலைப்பிரதேச அபிவிருத்திக்கான சர்வதேச நிலையம் 2025ஆம் வருஷம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஹிந்துகுஷ், ஹிமாலயப் பிரதேசங்களில் பனி நிலைத்திருந்த அளவு, வழக்கத்தைவிட 23.6 சதவிகிதம் குறைவு; 23 வருஷங்களில் அதுவே மிகக் குறைந்தது; இப்படிக் குறைவது தொடர்ந்து மூன்றாவது வருஷம். இதுவே அந்த அறிக்கையின் சாராம்சம்.

காஷ்மீரத்தில் மார்கழி 6ஆம் தேதி வாக்கில் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு ‘சில்லைக் கலான்’ என்று பெயர். அந்த நாற்பது நாளில் விழுகிற பனிக்குத் தனி மதிப்பு உண்டு. கடுங்குளிரில் அது இறுகி, கோடை வரை தாங்கும். அதே பனி பங்குனியில் விழுந்தால் வந்த சுருக்கில் உருகி ஓடிவிடும். பனியாக விழவேண்டியது மழையாக விழுந்தாலோ, குதிரில் சேராமலே வாசல் வழியாகப் போய்விட்ட நெல்லுக்குச் சமானம். 2024 ஜனவரியில், பனிச் சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன குல்மார்க் மலைச்சரிவு புல் தெரியக் கிடந்தது. அதைப் பார்த்து உல்லாசப் பிரயாணிகள் வருந்தினார்கள், விவசாயிகள் பயந்தார்கள்.

முதலில் அறிவது மீன்

நதியில் தண்ணீர் குறைகிறது என்பதை மனிதர்களுக்கு முன்னால் அறிகிறவை மீன்கள். அவற்றிலும் டிரௌட் என்னும் மீன் மிகவும் சூட்சுமமான பிராணி. புள்ளி புள்ளியாக அழகிய மேனி. குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீரில்தான் வாழும். இது நம் தேசத்து மீன் அல்ல. தூண்டில் போட்டுப் பொழுது போக்குவதில் பிரியமுள்ள ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டிலிருந்து இதைக் கொண்டு வந்தார்கள். 1899ஆம் வருஷம் காஷ்மீரத்துக்கு அனுப்பிய முதல் முட்டைகள் வழியிலேயே அழிந்துபோயின. மறு வருஷம் அனுப்பியவை பிழைத்தன. ஸ்ரீநகரை அடுத்த ஹார்வானில் குஞ்சு பொரித்து, லித்தர் முதலிய ஆறுகளில் விட்டார்கள். துரைமார்களுடைய பொழுதுபோக்குக்காக வந்த மீன், அவர்கள் போன பிறகு அந்நாட்டு ஏழைகள் பலருக்குப் பிழைப்பாயிற்று. மலையோடைத் தண்ணீரைத் தொட்டிகளில் பாய்ச்சி இதை வளர்க்கும் குடும்பங்கள் அங்கே இன்று ஏராளம்.

இந்த மீனுக்குப் பனி குறைந்தால் ஏன் ஆகாது? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது உஷ்ணம். டிரௌட் சுகமாயிருப்பது 10 முதல் 16 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள தண்ணீரில். 20 டிகிரியைத் தாண்டினால் சங்கடப்படும். 25 டிகிரியை எட்டினால் பிழைப்பது அரிது. பனி உருகிய ஜலம் ஆற்றைக் குளிர வைக்கிறது. அது நின்றுபோய், ஆழமும் குறைந்துவிட்டால், ஆழமில்லாத பாத்திரத்துத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சுடுவதுபோல ஆறும் சுடுகிறது.

இரண்டாவது சுவாசம். மீனும் பிராணவாயு இல்லாமல் வாழாது. தண்ணீரில் கரைந்துள்ள வாயுவையே அது சுவாசிக்கிறது. 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 11.3 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 20 டிகிரியில் சுமார் 9.1; 30 டிகிரியில் 7.5 அளவுதான். உஷ்ணம் ஏற ஏற மீனுக்குப் பிராணவாயு அதிகம் வேண்டும். தண்ணீரிலோ அது குறைந்துகொண்டே போகும். வரவு குறைந்து செலவு ஏறும் சம்சாரியின் நிலைமைதான்.

மூன்றாவது வம்சவிருத்தி. ஓடையின் அடியிலுள்ள சரளைக் கற்களைக் கிளறிப் பள்ளம் பறித்து, அங்கே முட்டையிடுவது இந்த மீனின் வழக்கம். கற்களின் இடைவெளியில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். நீர்மட்டம் இறங்கினால் முட்டைகள் கரையில் கிடந்து காயும்; ஓட்டம் தளர்ந்தால் வண்டல் படிந்து மூச்சு முட்டும்.

2025 பிப்ரவரியில் காஷ்மீரத்து அச்சபல் ஊற்று வற்றியது. மொகலாயர் காலத்துத் தோட்டத்துக்கு நடுவே பொங்கி வந்த ஊற்று அது. பல கிராமங்கள் அதைக் குடிதண்ணீருக்கு நம்பியிருந்தன. பக்கத்திலுள்ள டிரௌட் பண்ணையும் அந்தப் பிரதேசத்து நீரை நம்பியதே. குளிர்காலத்துப் பனியையும் மழையையும் மண் வழியாக உள்ளே வாங்கித்தான் அந்த ஊற்று வெளியே தருகிறது. மேல்வாயில் கொட்டுவது நின்றது; அடித்துவாரம் காலியாயிற்று.

செல்வம் கொழிக்கும் தேசங்களுக்கும் இதில் விலக்கு இல்லை. 2015ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் மலைப்பனியை அளந்தார்கள். வழக்கமாக அந்தத் தேதியில் இருக்கவேண்டியதில் 5 சதவிகிதமே இருந்தது. அளக்கப்போன ஓரிடத்தில் மாகாண கவர்னர் பனிக்குப் பதிலாகப் புல்தரையில் நின்றார். அதே தேசத்தில் மான்டானா மாகாணத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆற்றுநீர் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போட அனுமதி இல்லை. தூண்டிலில் சிக்கிப் போராடிய மீனைத் திரும்ப விட்டாலும், சுடுகிற தண்ணீரில் அது தேறுவதில்லை. ஆகையால் ஆறு குளிர்ந்திருக்கும் வேளையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பனியில்லாத மலைகள்

“நமக்கென்ன? தமிழ்நாட்டு மலைகளில் பனி மூடுவதில்லையே!” என்று நேயர்கள் சொல்லலாம். வாஸ்தவம். நம் பக்கத்து வானத்தில் பனிக்கட்டி நிலைக்கும் குளிர் சுமார் 16,000 அடி உயரத்தில்தான் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உயரம் 8,650 அடி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் உயர்ந்த கோட்டைமலைச் சிகரம் 6,600 அடிக்குச் சற்று மேல். ஊட்டியில் மார்கழி இரவில் புல்லின்மேல் உறைபனி பூக்கும். வெயில் வந்ததும் மறையும். அது குதிராகாது.

ஆனாலும் இந்த மலைகளில் பங்குனி, சித்திரையிலும் ஓடைகள் ஓடுகின்றன. டிரௌட் மீனே நீலகிரியில் வாழ்கிறது! 1860களில் டாக்டர் பிரான்ஸிஸ் டே முதலியோர் முயன்று பார்த்துத் தோற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். ஸி. வில்ஸன் என்பவர் வானவில் டிரௌட் என்னும் ஜாதியைக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் பொரிப்பு நிலையம் அமைத்து வெற்றி பெற்றார். அவலாஞ்சி என்ற ஆங்கிலப் பெயருக்குப் பனிச்சரிவு என்று பொருள். ஆனால் அங்கே சரிந்தது பனியல்ல. 1823ஆம் வருஷ வாக்கில் நிகழ்ந்த பெரிய மண்சரிவுதான் அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்தது.

பனியில்லாத மலையில், கோடையிலும் குளிர்ந்த ஓடை எப்படி ஓடுகிறது? அங்கே குதிராக இருப்பது புல்லும் சோலையும் மண்ணும். மலையின் மேடுகளில் அடர்ந்த புல்வெளி; பள்ளங்களில் குட்டையான மரங்கள் செறிந்த சோலைக்காடு; இரண்டுக்கும் அடியில் இலையும் வேரும் மக்கிப் பல்லாயிரம் வருஷமாகச் சேர்ந்த கறுப்பு மண். மழையை இந்த மண் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கிறது. சோலை மரங்கள் மேகத்திலிருந்தும் நீரை வடித்துக் கீழே சொட்டுகின்றன. உறிஞ்சிய நீர் மாதக்கணக்கில் கசிந்து ஓடையாகிறது. நிழலிலும் மண்ணுக்குள்ளும் இருந்து வருவதால் குளிர்ந்தும் இருக்கிறது.

இந்தக் குதிரை நாமே இடித்த கதையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கென்று நீலகிரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகை மரமும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் சர்க்காரும் அதே வழியில் இன்னும் வேகமாகப் போயிற்று. ‘வெறும் புல்தானே, பாழ்நிலந்தானே’ என்பது எண்ணம்.

அப்போது உதகமண்டலத்திலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் ஒரு பரிசோதனை செய்தார்கள். அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புப் பள்ளத்தாக்குகள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றொன்றில் 1972ஆம் வருஷம் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் தைல மரம் நட்டார்கள். ஓடைகளில் வரும் தண்ணீரை வருஷக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து வருஷத்தில், மரம் நட்ட பள்ளத்தாக்கின் தண்ணீர் 16 சதவிகிதம் குறைந்தது. வெட்டிய மரங்கள் மறுபடி தழைத்த அடுத்த பத்து வருஷத்தில் குறைவு 25 சதவிகிதமாயிற்று. வறட்சி மாதங்களில் ஓடும் ஓட்டமே அதிகமாக அடிபட்டது.

‘மரம் நடுவோம், மழை பெறுவோம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். நல்ல வார்த்தைதான். ஆனால் எந்த மரம், எந்த இடம் என்று கேட்காமல் நட்டால் மழையும் வராது. இருக்கிற ஓடையும் வற்றும். புல் இருக்க வேண்டிய இடத்தில் புல் இருப்பதே அந்த மலைக்குச் செல்வம்.

மீண்டும் அடிவாரத்துக்கு

பிளவக்கல்லுக்கு மேலேயுள்ள மலைகளிலும் உச்சியில் புல்வெளியும் சோலையும், கீழே பல வகைக் காடுகளும் இருக்கின்றன. டிரௌட் இங்கே இல்லை. ஆனால் கண்மாய்களில் விராலும் கெளுத்தியும் கெண்டையும், வளர்ப்புக்கு விடும் கட்லாவும் ரோகுவும் உண்டு. கண்மாய் மீனுக்கு ஏலம் உண்டு. வற்றுகிற சமயத்தில் ஊர் கூடி இறங்கிப் பிடிக்கும் மீன்பிடித் திருவிழாவும் பல ஊர்களில் உண்டு. அந்த மீன் வளர்வதற்கு வேண்டிய மாதங்கள் வரை கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். இரண்டு மாதம் முந்தி வற்றினால், விரல் நீளக் குஞ்சுகளைக் கொக்குகளுக்குத் தானம் செய்ய வேண்டியதுதான். நெல்லுக்கும் அதே கணக்கு. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் மடையில் தண்ணீர் வராவிட்டால், முன்னே பாய்ச்சியதெல்லாம் வீண்.

வானத்தின் போக்கும் முன்போல் இல்லை. 2016ஆம் வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். விருதுநகர் ஜில்லாவுக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற சராசரி மழையே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பயங்கரம் விளங்கும். ஒரு வருஷம் பட்டினி, ஒரு வருஷம் அஜீரணம் என்ற நிலையில், குதிரின் அவசியம் முன்னைவிட அதிகமாகிறது.

மலை தாங்காத மழை என்ன செய்யும் என்பதை வத்திராயிருப்புப் பக்கத்து ஜனங்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். 2015 மே மாதம் சதுரகிரிக்கு அமாவாசை யாத்திரை போன பக்தர்கள், மலையில் பெய்த திடீர் மழையால் ஓடைகளில் வெள்ளம் பெருகி நடுவே சிக்கிக்கொண்டார்கள், சிலர் உயிரிழந்தார்கள். சில மணி நேரத்தில் ஓடி மறைந்த அந்தத் தண்ணீர் யாருக்கும் பயன்படவில்லை. எந்தக் காடும் எல்லா வெள்ளத்தையும் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எரிந்து மொட்டையான சரிவைவிட, புல்லும் சருகும் மூடிய சரிவு அதிகமாக வாங்கி, மெதுவாக விடும் என்பதில் சந்தேகமில்லை.

ஆகவே செய்யவேண்டியவை இரண்டு. மேலே குதிரைக் காப்பது. கீழே அதன் சிறு குதிர்களான கண்மாய்களைக் காப்பது. மேலேயுள்ளதற்கு ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் ஏற்பட்டது. 2021இல் மேகமலையையும் சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டின் ஒரு புறம் வைகையின் பிறப்பிடம். மறுபுறம் நம் பிளவக்கல் ஆறுகள். புலிக்காக வேலி போட்டதாகச் சிலர் குறைப்படுகிறார்கள். வேலிக்குள்ளே பத்திரமாக இருப்பது புலி மட்டுமல்ல, மதுரையின் குடிதண்ணீரும் வத்திராயிருப்பின் நெல்லுங்கூட என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோடையில் காட்டுத்தீ பரவாமல் தடுப்பதும், அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பதும் சர்க்கார் செய்ய வேண்டிய காரியங்கள். கண்மாயைத் தூர் வாருவதும், வரத்துக் கால்வாயை ஆக்கிரமிக்காமல் விடுவதும் ஊரார் செய்ய வேண்டியவை. நம் முன்னோர் குடிமராமத்து என்று பெயரிட்டு அதை ஒரு தர்மமாகவே செய்துவந்தார்கள்.

உல்லாசப் பிரயாணத்துக்குப் போகிற நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூமாப்பட்டிக்குக் கார்த்திகையில் போனால் அணையின் அழகைப் பார்க்கலாம், போய்ப் பாருங்கள். பங்குனி, சித்திரையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அணை இறங்கியிருக்கும், கண்மாயில் சேறு வெடித்திருக்கும். படம் பிடிக்க ஒன்றும் இராது. அப்போது மலையிலிருந்து இறங்கும் ஓடையில், கல்லிடுக்கில், விரல் கனத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால், அது போன ஐப்பசியில் பெய்த மழை என்று குழந்தைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள்.